கூரை போன மடத்துக்குத் திரும்பிய சிசிலி

சிசிலி உனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டால், எந்த வருஷத்தில் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் அவள் கெல்டன் கன்னியர் மடத்தில் முக்காடு போட்ட துறவி. நான் அங்கே துணி துவைக்கிற பெண். பிறகு அவள் எங்கள் வீட்டுப் பரணில் குடியிருந்தவள். பிறகு என் அண்ணி. பிறகு அண்ணி இல்லை, எப்போதுமே அண்ணியாக இருந்ததில்லை என்று சொன்னார்கள். அதற்கும் பிறகு, எப்போதுமே அண்ணியாகத்தான் இருந்தாள் என்றார்கள். இத்தனையும் இருபது வருஷத்துக்குள். இதற்காக அவள் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. ஒரே ஒரு தடவை, கூப்பிட்டு அனுப்பியதால், பட்டணத்து நீதிமன்றம் வரை போய் வந்தாள்.

யார்க்‌ஷயரில் எங்கள் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் அவளுடைய அப்பாவுக்கு ஆட்டுப்பட்டி இருந்தது. ஐந்து பெண்கள். மூன்று பேருக்கு மாப்பிள்ளை கிடைத்தது, ஒருத்தி அம்மை போட்டுப் போய்விட்டாள், கடைசிப் பெண்ணை மடத்தில் விட்டார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பதினாறில் வார்த்தைப்பாடு கொடுத்தாள்: கீழ்ப்படிந்து நடப்பேன், எனக்கென்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன், ஆண் தொடர்பு வேண்டேன். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசையாகப் போனாள் என்றும் சொல்ல முடியாது. "எல்லாரும் சாப்பிட உக்காந்தா நாமளும் உக்காருவோம்ல, அப்படித்தான்" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

மடத்தில் ஒன்பது பேர். தலைவியம்மாவுக்குக் காது மந்தம், அதனால் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அமைதி காக்க வேண்டிய இடம் என்று சுவரில் எழுதியிருக்கும். சிசிலிக்குப் பால் அறை பொறுப்பு. ஆட்டுப்பாலில் அவள் போடும் பாலாடைக்கட்டியை வாங்கச் சந்தையில் ஆட்கள் காத்திருப்பார்கள். மடத்து மாட்டுவண்டியை ஓட்டியது என் அண்ணன் கில்பர்ட். அவள் உத்தரவு போடுவாள்: "கில்பர்ட், அந்தக் கூடைய நெழல்ல வை. நெழல்லன்னு சொன்னேன்." அண்ணன் வைப்பான். அவனுக்கு அவளைவிட நாலு வயது அதிகம். ஆனாலும் மடத்துப் பெண்களிடம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பணிந்து நிற்போம்.

எனக்குப் பதினேழு வயதானபோது மடத்தை மூடினார்கள். ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்பதாம் வருஷம், நவம்பர் மாதம். ஹென்றி ராஜாவின் ஆட்கள் நாலு பேர் குதிரையில் வந்தார்கள். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்று கேட்டேன். அவர்களில் ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மடம் இனி ராஜாவுடையது, ஆளுக்கொரு புது உடுப்பும் வருஷத்துக்குச் சிறு தொகையும் கிடைக்கும், எல்லோரும் கிளம்பலாம் என்றார். தலைவியம்மா "என்ன சொல்றார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிசிலிதான் எழுந்து பேசினாள்.

"அப்போ இனிமே நாங்க கன்னியாஸ்திரிங்க இல்லையா?"

"இல்ல."

"அப்போ மத்த பொண்ணுங்க மாதிரி கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"அதெப்படி? வார்த்தைப்பாடு குடுத்திருக்கீங்களே. அதுக்குச் சட்டமே இருக்கு. மீறினா தண்டனை."

"வார்த்தைப்பாடு இருக்கு, ஆனா கன்னியாஸ்திரி இல்ல?"

"ஆமா."

"அப்போ நாங்க யாரு?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. "மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணும்" என்றார்.

மறுவாரமே இடிக்கத் தொடங்கினார்கள். கோயில் கூரையில் இருந்த ஈயத்தை உரித்துக் கீழே போட்டார்கள். அதை உருக்குவதற்கு, கன்னியாஸ்திரிகள் உட்கார்ந்து பாடும் ஓக் மர இருக்கைகளையே பிளந்து எரித்தார்கள். மணியை உடைத்துத் துண்டு துண்டாக வண்டியில் ஏற்றினார்கள். நிலத்தையும் சுவர்களையும் எங்கள் பக்கத்துப் பணக்காரர் ஹார்ஸ்பி துரை ராஜாவிடமிருந்து வாங்கினார். மாடு, வண்டி, என் அண்ணன் எல்லாம் அவரோடு சேர்ந்து போயிற்று. கல்லை இறக்கித் துரையின் புது வீட்டுக்கு ஓட்டிப்போவதுதான் அண்ணனுக்கு வேலை. சிசிலி தினமும் சாலையோரத்தில் நின்று பார்த்தாள்.

"கில்பர்ட், யாரோட வண்டிய ஓட்டுற?"

"துரையோட வண்டிங்க, மடத்தம்மா. போன வாரம் வரைக்கும் உங்க வண்டி. அதே வண்டிதான், அதே மாடுங்கதான்."

"மாட்டுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க. பழைய பாதையிலயே போகப் பாக்குதுங்க. அடிச்சுத்தான் திருப்புறேன்."

சிசிலியின் அப்பா அதற்குள் செத்துப் போயிருந்தார். அவள் பெரியக்கா வீட்டில் ஒரு மாசம் இருந்தாள். அக்காவின் மாமியார் அவளுக்கு முன்னால் வாயைத் திறந்து பேசவே பயந்தாளாம். மடத்துப் பெண் சபித்தால் பலிக்குமா, மடம் போன பிறகு பலிக்காதா என்று அந்தம்மாளுக்குத் தீராத சந்தேகம். அங்கிருந்து கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அம்மா பரணைக் காலி பண்ணிக் கொடுத்தாள். "பாலாடைக்கட்டி போடுவா, வாடகை வேணாம்" என்றாள் அம்மா.

அப்படிப் பத்து வருஷம். மடத்து உடுப்பு போடக்கூடாது என்று உத்தரவு. மற்றப் பெண்கள் மாதிரி முடியைக் காட்டவும் அவளுக்குக் கூச்சம். பழைய துணியை முக்காடும் இல்லாமல் தலைக்கட்டும் இல்லாமல் ஒரு தினுசாகச் சுற்றிக்கொள்வாள். ஊர்க்கோயிலில் கல்யாணமானவர்கள் முன்னால், கன்னிப்பெண்கள் பின்னால், விதவைகள் தூணோரம். அவள் எங்கே உட்காருவது? முதல் ஞாயிறு கன்னிப்பெண்களோடு உட்கார்ந்தாள், அவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு விதவைகளோடு. "யாரு செத்தா?" என்று ஒரு கிழவி கேட்டாள். அதற்கப்புறம் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பூசை கண்டாள்.

பிறகு பழைய ராஜா செத்து, அவர் மகன் பட்டத்துக்கு வந்தார். சின்னப் பையன். அவர் காலத்தில் பழைய லத்தீன் பூசை போய் இங்கிலீஷ் பூசை வந்தது, சட்டமும் மாறியது. துறவிகளும் சாமியார்களும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று எங்கள் பங்குச் சாமியார் வில்பிரிட் கோயிலில் படித்தார். படித்த கையோடு அந்த மாசமே தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கட்டிக்கொண்டார். ஊரே அந்த விருந்துக்குப் போனது, ஆட்டுக்கறி தின்றது, வெளியே வந்து முகத்தைச் சுளித்தது.

அண்ணன் அதுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எங்கள் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். ஒருநாள் நான் முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சிசிலி தயிரைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணன் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"சாமியார் படிச்சதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இப்போ பண்ணிக்கலாமாம்."

"யாரு?"

"பொதுவாச் சொன்னாரு."

"பொதுவாத்தான் நானும் கேட்டேன். இந்தத் துணியோட அந்த நுனியப் புடி, கில்பர்ட்."

அண்ணன் பிடித்தான். இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மூன்று மாசம் யோசித்தாள். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள்.

"என் வார்த்தைப்பாடு என்ன ஆச்சு, சாமி?"

"அது செல்லாதும்மா."

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு, செல்லும்னு சொன்னீங்க."

"அப்போ செல்லுச்சு. இப்போ, அப்போவே செல்லலைன்னு ஆயிடுச்சு."

"அப்போ இந்தப் பத்து வருஷம் நான் எதுக்காகச் சும்மா இருந்தேன்?"

சாமியாரின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்களுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னார் சாமியார். அவரும் நல்ல மனிதர்தான்.

கல்யாணம் ஆனது. நான் "அண்ணி" என்று கூப்பிடப் பழகினேன். எங்கள் வீட்டில் ஒரு வினோதம்: அண்ணன் அவளை "நீங்க" என்பான், அவள் அண்ணனை "நீ" என்பாள். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். அண்ணன் மாற்றிக்கொள்ளப் பார்த்தான், வரவில்லை. அவளும் "என்னங்க" என்று இரண்டு நாள் கூப்பிட்டாள். அண்ணன் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பான். விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் மில்லிசென்ட் பிறந்தாள், மில்லி என்று கூப்பிட்டோம். அண்ணி அந்தக் குழந்தையை முதலில் தூக்கத் தெரியாமல், பாலாடைக்கட்டியைத் தாங்குகிற மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. சில வேளை தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இவளுக்கு அம்மா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

மில்லிக்கு மூன்று வயதாகும்போது அந்தச் சின்ன ராஜாவும் செத்தார். அவருடைய அக்கா மேரி ராணியானார். பழைய பூசை திரும்பி வந்தது. பழைய சட்டமும் வந்தது. அண்ணியைப் பட்டணத்துக்கு வரச்சொல்லி திருச்சபை ஆயரின் நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தது. அண்ணன், அண்ணி, நான் மூவரும் வண்டியில் போனோம். மில்லியை அம்மாவிடம் விட்டிருந்தோம்.

நீண்ட மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எழுதுகிறவர். வார்த்தைப்பாடு கொடுத்தாயா என்றார்; கொடுத்தேன் என்றாள். இந்த ஆளோடு குடும்பம் நடத்தினாயா என்றார். கல்யாணம் செய்துகொண்டு நடத்தினேன் என்றாள்.

"அது கல்யாணமே இல்ல. துறவி கல்யாணம் பண்ண முடியாது. ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கணும். நீ வெள்ளைத்துணி போத்தி, மெழுகுவத்தி பிடிச்சு, உங்க ஊர்க் கோயிலச் சுத்தி வரணும். அப்புறம் உன் துறவுக்கே திரும்பிப் போகணும்."

"எங்கங்க?"

"எந்த மடத்துல வார்த்தைப்பாடு குடுத்தியோ அங்க."

"அந்த மடத்துக்குக் கூரை இல்லைங்க."

அவர் எழுதுகிறவரைப் பார்த்தார். எழுதுகிறவர் காகிதங்களைப் புரட்டினார். "கூரையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

"அப்போ போகலாம்" என்றார் மேஜைக்காரர்.

திரும்பி வரும்போது அண்ணன் பாதி வழி சிரித்துக்கொண்டே வந்தான். கூரையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லைங்க, கூரையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லைங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "எலின், மில்லி இப்போ யாரு?" என்று என்னைக் கேட்டாள். கல்யாணமே இல்லையென்றால் குழந்தை என்ன என்று கேட்கிறாள். நான் "மில்லி மில்லிதான்" என்றேன்.

வில்பிரிட் சாமியாரும் தன் மனைவியை அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அண்ணி மெழுகுவர்த்தியோடு கோயிலைச் சுற்றி வந்தபோது முன்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவர்தான். யாருக்கு யார் தண்டனை கொடுக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை.

அண்ணி எங்கள் பரணுக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் இருந்தால் பிரிந்ததாகக் கணக்கில்லை என்று கோயில் காரியம் பார்க்கிறவர்கள் சொன்னார்கள். வேறு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவளோ, "மடத்துக்குன்னு சொல்லிட்டாங்களே" என்றாள். கோபத்தில் சொன்னாளா, கீழ்ப்படிதலில் சொன்னாளா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. போர்வையையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு கெல்டனுக்கு நடந்தாள்.

பதினைந்து வருஷத்தில் அங்கே பெரும்பாலும் புல்தான். கோயிலின் கிழக்குச் சுவர் மட்டும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நின்றது. மற்ற இடமெல்லாம் முட்செடி, துரையின் ஆடுகள். நான் துணி துவைத்த அறைக்கு மட்டும் கல்லோட்டுக் கூரை மிச்சமிருந்தது. துரை அதில் வைக்கோல் போட்டிருந்தார். அண்ணி வைக்கோலை ஒதுக்கி, ஒரு மூலையில் தங்கினாள்.

ஹார்ஸ்பி துரைக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மடத்து நிலங்களையெல்லாம் ராணி திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று பேச்சு இருந்தது. தன் நிலத்தில் உயிருள்ள கன்னியாஸ்திரி ஒருத்தி உட்கார்ந்திருப்பது தனக்கு நல்லதா கெட்டதா என்று அவர் குழம்பினார். ஒரு வாரம் ஒரு மூட்டை ஓட்ஸ் அனுப்புவார். அடுத்த வாரம் தன் ஆளை அனுப்பி, "துரை எடத்துல யாரு உன்னைக் குடியிருக்கச் சொன்னது?" என்று கேட்க வைப்பார். ஒருமுறை இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதட்ட வந்தவனே மூட்டையையும் இறக்கிவிட்டுப் போனான்.

அண்ணி நேரம் தவறாமல் செபம் சொல்லப் பார்த்தாள். பாதி மறந்துவிட்டது. நான் ரொட்டி கொண்டுபோனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எலின், சாயங்காலம் பாடுறதுல மூணாவது என்ன வரும்?"

"எனக்கு லத்தீன் தெரியுமா, அண்ணி?"

"நீதான் செவத்துக்கு அந்தப்பக்கம் அஞ்சு வருஷம் கேட்டியே. என்னை அண்ணின்னு கூப்பிடாத. கூடாதாம்."

"வேற எப்படிக் கூப்பிட?"

அவள் யோசித்தாள். "சும்மா பேசு. கூப்பிடாம பேசு."

நான் ராகத்தை முனகினேன். வார்த்தை எனக்குத் தெரியாது, ஆனால் துணி துவைக்கும்போது கேட்ட ராகம் கைக்குத் தெரியும். இரண்டு வரி போனதும் அவளுக்கு வார்த்தை வந்துவிட்டது. ஒன்பது பேர் பாடியதை அவள் ஒருத்தியாகப் பாடினாள். ஒரு வரி பாடிவிட்டு, எதிர் வரிசை பதில் பாடுவதற்காக நிறுத்துவாள். யாரும் பாடமாட்டார்கள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அதையும் அவளே பாடுவாள்.

அண்ணன் தினமும் மத்தியானம் வண்டியைச் சாலையில் நிறுத்துவான். மடத்து எல்லைக்குள் கால் வைக்கமாட்டான். மில்லியைத் தூக்கி வேலிக்கு மேலே காட்டுவான்.

"இவளுக்குப் பல்லு ஆடுது."

"எந்தப் பல்லு?"

"கீழ்ப்பல்லு. உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"உங்களையே கேக்கச் சொன்னேன்."

மில்லி வேலிக்கு மேலிருந்து, "நீ அம்மாவா, மடத்தம்மாவா?" என்று கத்தினாள். அண்ணி கிட்ட வந்து, அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு நாள்ல விழுந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஊர்ப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். மாட்டுக்கு நோய், பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று முட்டையும் வெண்ணெயும் வைத்துவிட்டுப் போவார்கள். அதே பெண்கள்தான் கோயிலில் அவளைப் பார்த்து முன்பு சிரித்தவர்கள். பீர் காய்ச்சி விற்கிற ஒருத்தி மட்டும் சாலையில் நின்று அண்ணனைச் சீண்டுவாள்: "என்ன கில்பர்ட்டு, சாமிக்குத் தெரியாம பொண்டாட்டியப் பாக்க வந்தியா, இல்ல பொண்டாட்டிக்குத் தெரியாம சாமி கும்பிட வந்தியா?" அண்ணன், "நீ ஊத்துற பீர்ல எது தண்ணி, எது பீருன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்" என்பான்.

இரண்டாவது வருஷம், குளிர் விட்டு ஆடுகள் குட்டி போடுகிற சமயம், அண்ணி என்னிடம் ஒன்று சொன்னாள். யாரிடமும் நான் சொல்லாதது.

"எனக்கே புரியல எலின். மில்லிய நெனச்சு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன். கில்பர்ட் வண்டி சத்தம் கேட்டா ஓடிப்போய் நிக்கிறேன். ஆனா காலையில எந்திரிச்சு அந்தக் கெழக்குச் செவத்துகிட்ட நின்னு பாடும்போது, நல்லா இருக்கு. பதினாறு வயசுல இருந்தத விட நல்லா இருக்கு. தண்டனைன்னு அனுப்பினாங்க, நல்லா இருக்குன்னு யார்கிட்டச் சொல்ல?"

"அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'குளுருதா'ன்னு கேட்டான். இல்லன்னேன். மறுநாள் இன்னொரு போர்வை கொண்டாந்தான்."

நாலாவது வருஷம் ராணி செத்தார். அவருடைய தங்கை பட்டத்துக்கு வந்தார். மறுபடியும் புதுப் பூசைப் புத்தகம், மறுபடியும் கோயில் பீடத்தை மாற்றினார்கள். ஒருநாள் காலை சாமியாரின் மனைவி தன் மரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். அவர் வெளியே வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். அவ்வளவுதான்.

அண்ணன் அன்றே கெல்டனுக்குப் போனான். முதல் தடவையாக எல்லையைத் தாண்டி உள்ளே நடந்தான்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சாமியார் பொண்டாட்டி வந்துட்டாங்க."

"போன தடவ காகிதம் வந்துச்சு, கில்பர்ட். போகச் சொல்றதுக்குக் காகிதம் வந்தா, வரச் சொல்றதுக்கும் வரணும்ல?"

அவன் பட்டணத்துக்குப் போய்க் கேட்டான். அங்கே அந்த மேஜையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்படிக் காகிதம் எதுவும் தருவதில்லை, பழைய தீர்ப்பெல்லாம் இப்போது கணக்கில் இல்லை, நடக்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அண்ணன் திரும்பி வந்தபோது நான் கெல்டனில்தான் இருந்தேன். என் அண்ணன் கத்தி நான் கேட்டது அந்த ஒருநாள்தான்.

"நடக்கலையாம்! நாலு வருஷம் நடக்கவே இல்லையாம்! நீ இங்க இல்ல, நான் அந்த ரோட்டுல நிக்கல, மில்லி வேலிக்கு மேல தொங்கல! கேட்டுக்கோ!"

"நீ" என்று சொல்லிவிட்டான். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள். அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். குளிர்காலம் முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். காகிதத்துக்காகக் காத்திருக்கிறாளா, வர மனமில்லையா? நான் கேட்டேன். "தெரிஞ்சா வந்துருப்பேன், இல்ல வரமாட்டேன்னு சொல்லிருப்பேன்" என்றாள்.

கடைசியில் அதை முடித்துவைத்தது ஹார்ஸ்பி துரை. நிலம் இனித் தன் கையை விட்டுப் போகாது என்று அவருக்கு உறுதியானது. உறுதியானதும், மிச்சமிருந்த அந்தக் கல் ஓடுகளும் அவருக்குத் தேவைப்பட்டன. குதிரை லாயம் கட்டிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து துவைக்கிற அறைக் கூரையில் ஏறினார்கள். ஓடுகளை ஏற்றிப்போக வந்த வண்டி அண்ணன் ஓட்டுகிற வண்டி. அவனுக்கு வேறு வண்டி ஏது?

ஏறினவன் மேலிருந்து, "அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க, கல்லு விழும்" என்றான். அண்ணி வெளியே வந்து நின்றாள். கூரை போவதை இரண்டாவது தடவையாகப் பார்த்தாள். எல்லாம் ஏற்றி முடித்ததும் சட்டியையும் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு, ஓட்டுக் குவியலுக்கு மேலே ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை. மாட்டை ஓட்டினான். துரை வீட்டில் கல்லை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் மில்லியோடு நின்றுகொண்டிருந்தேன். மில்லிக்கு ஒன்பது வயது, அம்மா உயரத்தில் பாதிக்கு மேல்.

அண்ணி இறங்கி, படியில் கால் வைக்காமல் நின்றாள். "கில்பர்ட், நான் இப்போ என்னவா வர்றேன்?"

"பசியா வர்றீங்க" என்றான் அண்ணன். "உள்ள வாங்க."

பட்டாணிக் கூழும் ஓட்ஸ் ரொட்டியும் இருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மில்லி எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்றும் மடத்தம்மா என்றும் கூப்பிடாமல், "இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். சாமியாரிடம் போய் மறுபடி கல்யாணம் செய்து வையுங்கள் என்று அண்ணி கேட்டாள். ஏற்கெனவே ஆன கல்யாணத்தை எப்படித் திரும்பச் செய்வது என்று அவர் மறுத்துவிட்டார். அண்ணி விடியுமுன் எழுந்து, வாய்க்குள்ளேயே செபம் சொல்லுவாள். அந்த நேரத்தில் அண்ணன் விழித்திருந்தாலும் தூங்குகிற மாதிரி படுத்திருப்பானாம். அவனே என்னிடம் சொன்னான். காய்ச்சலில் அவன் போனபோது, சாமியார் வருவதற்குள் அவளே அவன் காதில் லத்தீனில் எதையோ சொன்னாள். அது பழைய முறை, இப்போது கூடாது. சாமியார் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

மில்லிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு கோடையில், ஹார்ஸ்பி துரையின் மகனுக்கு விருந்தாளியாக ஒரு இளம் கனவான் வந்தார். இந்தப் பக்கத்துப் பாழடைந்த இடங்களின் சரித்திரத்தை எழுதுகிறாராம். அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, எங்கள் இரண்டு பேரையும் கெல்டனுக்கு வரச் சொன்னார்.

"இங்க எத்தனை கன்னியாஸ்திரிகள் இருந்தாங்க?" என்றார்.

"ஒம்பது" என்றாள் அண்ணி.

"எனக்குக் கிடைச்ச காகிதத்துல பன்னெண்டுன்னு இருக்கே."

"அப்போ மூணு பேர நான் பாக்கல."

இந்த மடத்தைக் கட்டியது யார் என்றார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விதவைச் சீமாட்டி என்று அண்ணி சொன்னாள். கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவந்த பெண் என்று எங்கள் அம்மா சொல்லுவாள் என்றேன் நான். அவர் இரண்டையும் எழுதிக்கொண்டு ஒன்றை அடித்தார். எதை என்று தெரியவில்லை. படுக்கைக் கூடத்துக்குப் போகிற படிக்கட்டு எங்கே இருந்தது என்றார். அண்ணி கோயிலுக்குத் தெற்கே கையைக் காட்டினாள். நான் மேற்கே காட்டினேன்.

"நான் அதுல பதினோரு வருஷம் ஏறி எறங்கினேன்டி."

"நான் அத அஞ்சு வருஷம் துடைச்சேன், அண்ணி. மேக்கால வெயில் வந்து கண்ணக் கூசும்."

"அது பால் அறைப் படி."

"பால் அறைக்கு ஏது படி?"

கனவான் சிரித்துவிட்டு, நடுவாக எதையோ எழுதினார். "மூடின வருஷமே கடைசிக் கன்னியாஸ்திரியும் துக்கத்துல இறந்துட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்களே, உண்மையா?" என்று கேட்டார்.

அண்ணி உடுப்பில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். "அப்படியா சொல்றாங்க?" என்றாள். "எனக்குத் தெரியாதுங்க. நான் அப்போ பாலாடைக்கட்டி போட்டுட்டு இருந்தேன்."

அவர் போன பிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னன்னு சொல்றது? கடைசிக் கன்னியாஸ்திரி நான்தான்னா? அவரு எந்த வருஷம் கடைசின்னு கேப்பாரு" என்றாள். முட்செடியில் பழம் பழுத்திருந்தது. ஆளுக்கு ஒரு மடி பறித்தோம்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவள் போனாள், மில்லி பக்கத்தில் இருந்தாள். நோய் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தோம். நான் இன்னும் ஆடு பார்க்கக் கெல்டன் பக்கம் போகிறேன். போன வாரம்கூட அந்தப் படிக்கட்டு எங்கே இருந்திருக்கும் என்று நின்று பார்த்தேன். தெற்கே ஒரு மேடு இருக்கிறது, மேற்கேயும் ஒன்று இருக்கிறது. சில நாள் அவள் சொன்னதுதான் சரி என்று படுகிறது. வெயில் மேற்கே சாய்ந்து கண்ணைக் கூசினால் அப்படித் தோன்றுவதில்லை.